பேதுருவுக்கும் பருத்தித்துறைக்கும் என்ன உறவு?

கேள்வி: பருத்தித்துறை பஸ்ஸின் பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தில் ‘பொயின்ற் பெட்ரோ’, சிங்களத்தில் ‘பேதுருதுடுவ’ என்று எழுதியிருக்கிறது. யார் இந்தப் பெட்ரோ? போர்த்துக்கேயத் தளபதியா?
– வாசகர், நெல்லியடி

பதில்: அப்படி ஓர் ஆளே இல்லை ஐயா. போர்த்துக்கேயர் இந்த முனைக்கு வைத்த பெயர் ‘பொன்ட்டா தாஸ் பெத்ராஸ்’. பாறைகள் உள்ள முனை என்று பொருள். தமிழில் கல்முனை என்று சொல்லிவிடலாம். ஆனால் கிழக்கில் ஏற்கெனவே ஒரு கல்முனை இருக்கிறது. பெத்ராஸ் பின்னால் வந்தவர்களின் வாயில் பெட்ரோவாகி, கல் மனிதனாகிவிட்டது. சிங்களத்தில் துடுவ என்றால் முனை. அங்கே பேதுருவின் முனை என்றே ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பேதுரு என்ற பெயருக்கே கிரேக்கத்தில் பாறை என்றுதான் பொருள். சுற்றி வளைத்து கல்லிலேயே வந்து முட்டியிருக்கிறார்கள்.

நம்மவர்கள் கல்லைப் பார்க்கவில்லை, சரக்கைப் பார்த்தார்கள். பருத்தி ஏற்றி இறக்கிய துறை என்பதே ஊரில் தலைமுறையாக வழங்கும் விளக்கம். கப்பலில் வருகிறவனுக்கு அடியில் பாறை இடித்துவிடுமோ என்ற பயம். கரையில் நிற்கிறவனுக்கு வந்த பொதி என்ன விலை போகும் என்ற கணக்கு. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வந்ததில் என்ன வியப்பு? என் தாய்வழி உறவினர் எல்லோரும் ‘பருத்துறை’ என்றே சொல்வார்கள். அவர்களிடம் பெட்ரோவைப் பற்றிக் கேட்டால், தட்டைவடை சுடுகிறவரா என்று திருப்பிக் கேட்பார்கள்!

ஊர்காவற்றுறையிலும் இதே கதைதான். அதன் ஆங்கிலப் பெயரான ‘கயிற்ஸ்’ என்பது யாருடைய பெயரும் அல்ல. ‘காயிஸ்’ என்றால் போர்த்துக்கேயத்தில் கப்பல் அணையும் துறை. யானைகளைக் கப்பலேற்றிய துறை அது.

கேள்வி: கீரிமலையில் மலை எங்கே?
– மாணவி, தெல்லிப்பழை

பதில்: தேடாதே மகளே, யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே மலை கிடையாது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் அந்தக் கேணியில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது தலபுராணம். நகுலம் என்றாலும் கீரிதான். நகுலேஸ்வரம் என்ற கோயில் பெயரும் அதிலிருந்து வந்ததே. குதிரைமுகம் நீங்கிய இளவரசி மாருதப்புரவல்லியின் கதை பக்கத்து மாவிட்டபுரத்துக்கு உரியது. மா என்றால் குதிரை. இவை பக்திக்குரிய கதைகள். சரித்திரப் பாடத்துக்கு விடையாக எழுதினால் ஆசிரியர் புள்ளி போடமாட்டார்.

கேள்வி: கொக்குவில், இணுவில், உடுவில் என்பவற்றில் வரும் ‘வில்’ தமிழா, சிங்களமா? அலுவலகத்தில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
– வாசகர், கோண்டாவில்

பதில்: கோண்டாவிலில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? பந்தயக் காசை அவரவர் திருப்பி எடுங்கள். சிங்களத்தில் ‘வில’ என்றால் குளம். வன்னித் தமிழில் ‘வில்லு’ என்றால் மழைநீர் தேங்கி நிற்கும் பள்ளம். வில்பத்துக் காட்டில் மான்கள் தண்ணீர் குடிக்க வரும் நீர்நிலைகளை இன்றும் வில்லு என்றே சொல்கிறார்கள். எந்த மொழி எதனிடம் வாங்கியது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. தமிழரும் சிங்களவரும் ஒரே தீவில் பல நூற்றாண்டுகளாக இருக்கும்போது ஒரு சொல்லுக்கு வேலி போட முடியுமா?

எனக்கு முக்கியமாகத் தெரிவது மொழியல்ல, தண்ணீர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. வழுக்கையாறும் மாரியில் மட்டுந்தான் ஓடும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் விழும் மழை கீழே இறங்கிவிடும். கொஞ்சம் தேங்கிய பள்ளம் கிடைத்தாலே அதைச் சொல்லி ஊருக்குப் பெயர் வைத்திருப்பார்கள். கொக்கு வந்து நிற்கிற அளவுக்காவது கொக்குவிலில் தண்ணீர் இருந்திருக்கும். இன்று அந்தப் பள்ளங்களை மண் போட்டு நிரப்பி வீடு கட்டிவிட்டு, கார்த்திகை மழைக்கு வெள்ளம் வாசற்படி ஏறுகிறது என்று பிரதேச சபைக்கு மனு எழுதுகிறோம்.