அம்மா ஏன் பாடுவதை நிறுத்தினார்?

கேள்வி: எனக்கு வயது 46. திருச்சியில் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், 71 வயதான அம்மா ஆகியோருடன் வசிக்கிறேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, 14 மாதங்களுக்கு முன் மருத்துவமனையில் காலமானார். அவர் தினமும் சவரம் செய்துகொள்ளும்போது விசிலடிக்கும் பழைய பாட்டு ஒன்றைக் கடைசி இரவில் என் கைப்பேசியில் அவர் காதருகே ஒலிக்கவிட்டேன். விடியற்காலையில் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் பாட்டை மட்டுமல்ல, அந்தக் காலத்துப் பாட்டு எதையுமே என்னால் கேட்க முடியவில்லை. பேருந்தில் போட்டால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுகிறேன். வீட்டில் வானொலியை எடுத்து வைத்துவிட்டேன். மகள் காதில் மாட்டிக்கொண்டுதான் பாட்டுக் கேட்கிறாள். அப்பாவின் கேசட்டுகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று. அம்மாவை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். காரியத்தன்று அவருடைய பொட்டையும் வளையலையும் எடுக்க வந்த உறவினர்களோடு சண்டையிட்டுத் தடுத்தேன். முன்பெல்லாம் காய் நறுக்கும்போது அவரும் அந்தப் பாட்டை முணுமுணுப்பார். நான் எழுந்து போவதைப் பார்த்து நிறுத்திவிட்டார். சில மாதங்களாக அவருக்குப் பேச்சுக் குறைந்து, மறதியும் வந்திருக்கிறது. ஒரு பாட்டை அந்த நினைவிலிருந்து பிரித்தெடுக்க வழி உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வழி இல்லை. இறந்தவரின் பாட்டைக் கேட்க முடியவில்லை என்று எழுதுபவர்கள் பலர். காலம் ஆற்றும் என்று அவர்களுக்கு எழுதுவதைப் போல உங்களுக்கும் இரண்டு வரி எழுதியிருப்பேன். ஆனால் போகிறபோக்கில் நீங்கள் எழுதிச் சென்ற ஒரு வாக்கியம் என்னை அப்படிச் செய்ய விடவில்லை. காய் நறுக்கும்போது அம்மா முணுமுணுப்பார், நீங்கள் எழுந்து போவதைப் பார்த்து நிறுத்திவிட்டார் என்கிறீர்கள். அடுத்த வாக்கியத்திலேயே அவருக்குப் பேச்சுக் குறைந்துவிட்டது என்கிறீர்கள். இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதிய கை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஒரு கணமாவது நின்று யோசித்ததா?

அந்தப் பாட்டு யாருடையது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் அம்மா பதின்வயதில் இருந்த 1960-களின் பிற்பகுதியில், தமிழ்நாட்டின் பல வீடுகளில் இலங்கை வானொலிதான் பாடிக்கொண்டிருந்தது. அகில இந்திய வானொலியின் விவித் பாரதி 1957-இலேயே தொடங்கியிருந்தாலும் நம் பக்கத்துப் பெண்களுக்குக் கொழும்பிலிருந்து வந்த குரல்களே வீட்டு மனிதர்களாக இருந்தன. நானும் அப்படி வளர்ந்தவள். எந்தப் பாட்டு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லாததால், வரும்போது செய்துகொண்டிருந்த வேலையோடு அது ஒட்டிக்கொண்டது. இன்றும் ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டால் எனக்கு அம்மிக்கல்லின் ஈரமும் அரைபடும் மிளகாயின் நெடியும் வந்துவிடுகின்றன. உங்கள் அப்பா விசிலடித்த பாட்டை உங்கள் அம்மா அவரைப் பார்ப்பதற்கு முன்பே அறிந்திருக்கக்கூடும். திருமணத்துக்குப் பிறகு தினந்தோறும் காலையில் அதைக் கேட்டபடி அவர் காப்பி ஆற்றியிருப்பார், உங்களுக்குத் தலை வாரியிருப்பார். உங்களுக்கு அந்தப் பாட்டு ஒரு மருத்துவமனை இரவாகிவிட்டது. அவருக்கு அது ஒரு முழுக் குடித்தனம். ஓர் இரவின் வலிக்காக ஒரு குடித்தனத்தின் குரலை நீங்கள் அடைத்துவிட்டீர்கள் என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பொட்டையும் வளையலையும் காப்பாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல காரியம். அந்தச் சடங்கின் கொடுமையை நேரில் பார்த்தவள் என்ற முறையில் மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த உறவினர்கள் கேட்டது என்ன? கணவன் போன பிறகு இவளுக்கு அலங்காரம் எதற்கு என்பதுதானே? கணவன் போன பிறகு இவளுக்குப் பாட்டு எதற்கு என்று நம் ஊரில் வெகுகாலம் கேட்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் நலங்குப் பாட்டுக்கு உட்காரவிடாமல் ஒதுக்கப்பட்ட பெண்கள் என் குடும்பத்திலேயே இருந்தார்கள். அந்த வேலையை உங்கள் வீட்டில் எந்த உறவினரும் செய்யவில்லை, வாய்திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல் நீங்களே செய்துமுடித்துவிட்டீர்கள். அவர்களை எதிர்த்துச் சண்டையிட அம்மாவுக்கு ஒரு மகள் இருந்தாள். மகளை எதிர்த்துச் சண்டையிட அவருக்கு யார் இருக்கிறார்கள்? உங்களுக்கு வலிக்கிறது என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். தாய்மார்கள் அப்படித்தான் செய்வார்கள், அதனாலேயே பிள்ளைகள் கவனமாக இருக்கவேண்டும்.

துக்கத்தையும் பாட்டையும் பிரித்து வைக்கவேண்டும் என்ற எண்ணம் நம்முடையதே அல்ல. தொட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து யாரடித்து நீ அழுதாய் என்று கேட்ட அதே குரல்தான், சாவு வீட்டில் தலைவிரித்து ஒப்பாரி வைத்தது. இரண்டிலும் உறவுகளை வரிசையாகப் பெயர் சொல்லி அழைப்பார்கள், மாமன் கொண்டுவந்த சீரும் கட்டியவன் கட்டிய வீடும் இரண்டிலும் வரும். ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டிகள், செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதைத்தான் விரிவாகப் பாடினார்களே தவிர, எப்படிச் செத்தார் என்பதிலேயே நின்றுவிடவில்லை. நீங்கள் இந்தப் பதினான்கு மாதங்களாக அந்த ஓர் இரவிலேயே நிற்கிறீர்கள். அந்தப் பாட்டை வீட்டிலிருந்து துரத்தியதால், பேருந்திலும் கடைத்தெருவிலும் எதிர்பாராத நேரத்தில் மட்டுமே அதைக் கேட்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் பாதியில் இறங்கி ஓடுவதால், சாவைத் தவிர வேறு எதனோடும் சேர்ந்துகொள்ள அதற்கு நீங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை. நினைவைப் பாட்டிலிருந்து பிரிக்க முடியாது என்று தொடக்கத்திலேயே சொன்னேன். ஆனால் ஒரு பாட்டின் மேல் இன்னும் பல நினைவுகள் படியும், படியவிட்டால்.

அம்மாவின் மறதிக்கு வருகிறேன். இதற்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே பாருங்கள். முதியவர்களுக்கு மனச்சோர்வும் மறதியைப் போலவே தோற்றம் தரும். துணையை இழந்தவருக்கு வருவது எது என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். பாட்டு மருந்தாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜனாட்டா என்ற ஆய்வாளர், இளைஞர்களுக்கு அவர்களுடைய சிறுவயதுப் பாடல்களின் துண்டுகளை ஒலிக்கவிட்டு மூளையைப் படம்பிடித்தார். சொந்த வாழ்க்கையின் காட்சி ஒன்றைப் பாட்டு எழுப்பும்போது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பகுதி விழித்தெழுவதைக் கண்டார். அல்சைமர் நோயில் மற்ற பல பகுதிகளைவிடத் தாமதமாகச் சிதையும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. ஆய்வைப் படிப்பதற்கு முன்பே நான் இதை வீட்டில் பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா தன் கடைசி இரண்டு ஆண்டுகளில் என் பெயரை அறியவில்லை. மார்கழிப் பாசுரத்தின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் எட்டு அடிகளையும் ஒரு சொல் பிசகாமல் முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது எதுவாக இருந்தாலும், அவரிடம் கடைசிவரை நிற்கக்கூடிய ஒன்றை இப்போதே எடுத்து வைத்துவிடாதீர்கள்.

மகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறாள் என்பதையும் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரல் கிரம்ஹான்சல் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இருபது வயதையொட்டிய மாணவர்களுக்குத் தங்கள் காலத்துப் பாடல்களோடு மட்டுமல்லாமல், பெற்றோரின் இளமைக்காலத்துப் பாடல்களோடும் சொந்த நினைவுகள் பிணைந்திருந்தது தெரியவந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டு அது; வீட்டில் ஒலித்ததால் பிள்ளைக்கும் சொந்தமாயிற்று. தாத்தாவின் விசில் உங்கள் மகளின் காதிலும் விழுந்திருக்கும். அவள் தாத்தாவை நினைத்துக்கொள்ள உங்களிடம் அனுமதி கேட்கவேண்டிய நிலையில் வீட்டை வைத்திருக்கிறீர்கள்.

இனி அந்த மூட்டை. உங்கள் சிறுவயதில் திருச்சியைப் போன்ற ஊர்களில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெற்றுக் கேசட்டும் ஒரு தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால், சில நாள் கழித்து இரண்டு பக்கமும் நிரப்பித் தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஏழெட்டுப் பாட்டுகள்தான் கொள்ளும் என்பதால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வீட்டில் பெரிய ஆலோசனையே நடக்கும். அப்படிப் பதிந்த கேசட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இன்றும் ஒரு பாட்டு முடிந்தவுடன் அடுத்த பாட்டின் தொடக்கம் தானாகவே மனதில் எழும். அந்த வரிசை எந்தக் கைப்பேசியிலும் கிடைக்காது, அது அந்தக் குடும்பத்தின் வரிசை. அப்பாவின் கேசட்டுகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பட்டியல்களை யார் எழுதியது என்று அம்மாவிடம் எப்போதாவது கேட்டீர்களா? எத்தனை பாட்டுகள் அவர் கேட்டுச் சேர்த்தவை என்று உங்களுக்குத் தெரியுமா?

பரணின் வெக்கையிலும் ஈரத்திலும் நாடா பூஞ்சை பிடித்துவிடும். மூட்டையை இந்த மழைக்காலத்துக்கு முன் இறக்குங்கள். எடுத்தவுடன் பழைய பெட்டியில் போட்டு ஓட்டாதீர்கள், நாடா சிக்கினால் அறுந்துவிடும். கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். அதற்கு முன் உறைகளை அம்மாவின் மடியில் வைத்து, அப்பாவின் கையெழுத்தை அவர் படிக்கட்டும். மகளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் அழுதால் அழுங்கள், ஆனால் எழுந்து போகக் கூடாது. எழுந்து போனால் அம்மா மறுபடியும் வாயை மூடிக்கொள்வார், அடுத்த முறை திறப்பாரா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வானொலியை நாளைக் காலையே பழைய இடத்தில் வையுங்கள். பிறகு, அம்மா காய் நறுக்க உட்காரும் நேரத்தில் நீங்களும் ஒரு மணையைப் போட்டு எதிரில் உட்காருங்கள். பாடுங்கள் அம்மா என்று கேட்காதீர்கள், மாட்டார். அந்தப் பாட்டின் முதல் அடியை நீங்களே எடுங்கள். உங்களுக்கு வரிகள் சரியாக நினைவிருக்காது, இரண்டாவது அடியில் தடுக்கும். அம்மா திருத்துவார்.