அப்பப்பாவின் பேஸுக்கு என்ன வயது?

கேள்வி: ஐயா, எங்கள் அப்பப்பா கோயில் பாடகர் குழுவில் டபிள் பேஸ் (ஆள் உயர வயலின் மாதிரியான தந்தி வாத்தியம்) வாசித்தவர். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அதைக் கொண்டுபோக வழியில்லாமல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது பாதிக் கூரை இல்லை, பேஸ் மட்டும் மூலையில் சாய்ந்தபடி நின்றது. உள்ளே ஒட்டியிருக்கும் கடதாசியில் 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா, 1721' என்றும், அதற்குக் கீழே சின்னதாக 'மேட் இன் ஜெர்மனி' என்றும் இருக்கிறது. இது முந்நூறு வருடப் பழசா? எட்டுப் படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
— வாசகி, குருநகர்

பதில்: பிள்ளை, முதலில் அந்த 1721ஐ மறந்துவிடுங்கள். ஸ்ட்ராடிவாரி 1737 வரை வாழ்ந்த இத்தாலிய வயலின் கைவினைஞர். அவர் பெயரை அச்சடித்த கடதாசி ஆயிரக்கணக்கான சாதாரண வயலின்களுக்குள் கிடக்கிறது. என் பட்டறைக்கு வந்தவற்றிலேயே பத்துப் பன்னிரண்டு பார்த்துவிட்டேன். 'அவருடைய மாதிரியில் செய்தது' என்று சொல்ல அந்தக் காலத்து வியாபாரிகள் அப்படி ஒட்டினார்கள்.

கீழே உள்ள சின்ன எழுத்துத்தான் உதவும். 1887இல் பிரித்தானியா கொண்டுவந்த சரக்குக் குறிச் சட்டத்துக்குப் பிறகுதான் ஜெர்மன் சாமான்களில் அந்த வாசகம் பரவியது. அதற்கு முன்னால் போக முடியாது.

சரி, இனி மரத்தைப் பார்ப்போம். எஃப் வடிவத் துளையின் விளிம்பை நீங்கள் ரோச் லைற் அடித்து எடுத்த மூன்றாவது படம் மிக நல்ல படம். பிளைவுட் என்றால் அந்த விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும். 1930களுக்குப் பிறகு மலிவு பேஸ்கள் நிறைய அப்படி வந்தன. உங்களுடையதில் ஒரே நார் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. செதுக்கிய ஸ்புரூஸ் (ஊசியிலை மரம்) பலகை. பிரடைப் பெட்டியில், அதாவது தந்தி முறுக்கும் தலைப்பகுதியில், அடைத்த பழைய துளைகள் இருக்கின்றனவா என்றும் தேடினேன். 19ஆம் நூற்றாண்டில் மூன்று தந்தி பேஸ் சாதாரணம். பெரிய வித்துவான் பொட்டெசினியே மூன்று தந்தியில்தான் வாசித்தார். அவற்றைப் பிறகு நாலு தந்தியாக மாற்றும்போது பழைய துளைகளை மரக்குச்சியால் அடைப்பார்கள், அந்தத் தழும்பு போகாது. உங்களுடையதில் தழும்பு இல்லை. பிறக்கும்போதே நாலு தந்தி.

சுருள்தலையின் வெட்டையும் வார்னிஷையும் சேர்த்துப் பார்த்தால் ஜெர்மனியின் சக்சனிப் பக்கம், மார்க்நொய்கிர்ஹென் வட்டாரம் என்று சொல்வேன். அங்கே ஒரு வீட்டில் கழுத்து செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் உடல் செய்வார்கள், வியாபாரி வாங்கிச் சேர்த்து ஏற்றுமதி செய்வார். செய்தவர் பெயர் இல்லாததற்கு அதுதான் காரணம். அந்தச் சின்ன ஊரில் வியாபாரம் எவ்வளவு நடந்தது என்றால், 1893இல் அமெரிக்கா அங்கே ஒரு தூதரக அலுவலகமே திறந்தது! என் கணிப்பு 1900க்கும் 1930களுக்கும் இடையில். கையில் பிடித்துப் பார்த்தால் இன்னும் நெருக்கிச் சொல்லலாம்.

ஏழாவது படத்தை நீங்கள் சரியாகப் பார்த்தீர்களோ தெரியாது. முதுகுப் பலகையின் உட்புறத்தில், கறைக்குப் பக்கத்தில், பென்சிலால் 'தை 1953 மூலை ஒட்டியது' என்று இருக்கிறது. அந்த 'லை' பழைய தும்பிக்கை எழுத்து. எழுதியவர் நம்முடைய ஆள். மூலையில் அவர் ஒட்டிய இடம் எழுபது வருடம் கழித்தும், இரண்டு மழைக்காலம் நனைந்தும் பிரியவில்லை. வச்சிரப் பசை, அதாவது மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை, போட்டிருக்கிறார். ஜெர்மன் கடதாசியைவிட இந்தப் பென்சில் வரியைத்தான் நான் நம்புவேன். தயவுசெய்து அதைத் துடைத்துவிடாதீர்கள்.

புது வார்னிஷ் அடிக்க வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம். வெடிப்புக்கு வெள்ளைப் பசையும் விடக்கூடாது, பிறகு திறக்கவே முடியாது. வச்சிரம் என்றால் சூடும் ஈரமும் காட்டித் திறந்து மறுபடி ஒட்டலாம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், மரம் வெடிக்கும்.

பட்டறைக்குக் கொண்டுவருவதென்றால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுவதும் கழற்ற வேண்டாம். கழற்றினால், உள்ளே ஒட்டாமல் அழுத்தத்தில் நிற்கும் உள்தூண் விழுந்துவிடும். வாகனத்தில் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தந்திகளைத் தாங்கும் மரக் குதிரை ஒருபோதும் கீழே படக்கூடாது. கூடவே இரண்டு தலையணையும் கொண்டு வாருங்கள்.