மேயர் பதவி முழுநேர வேலையாக இருக்க வேண்டுமா?

சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே ஒருவர் மேயராகவும் இருக்கலாமா என்பது கேள்வி. நிர்வாகக் கோப்புகளில் யார் கையெழுத்திடுகிறார் என்பதைப் பொறுத்தது அது. அமெரிக்காவின் டல்லாஸ், ஃபீனிக்ஸ் நகரங்களில் நகர மன்றம் நியமிக்கும் நகர மேலாளரே அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கிறார். அங்கே பகுதிநேர மேயர் ஓரளவு ஒத்துவரும். நியூயார்க்கில் துறைத் தலைவர்களை நியமிப்பதும் வரவுசெலவுத் திட்டம் தயாரிப்பதும் மேயர் பொறுப்பு. அதை ஒழிந்த நேரத்தில் செய்ய முடியாது.

சம்பளத்தை விட்டுவிட்டு இதைப் பேசுவதில் பொருளில்லை. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் 2015 வரை நகர மன்ற உறுப்பினருக்கு ஒரு கூட்டத்துக்கு 20 டாலர்தான். அந்தத் தொகைக்கு வசதி படைத்தவரோ ஓய்வுபெற்றவரோதான் துணிந்து வருவார். கட்டுமான நிறுவனம் நடத்தும் மேயரின் மேசைக்குச் சாலை ஒப்பந்தம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். என்னைக் கேட்டால், நிர்வாக அதிகாரம் கொண்ட மேயருக்கு முழுநேரப் பணியும் முழுச் சம்பளமும் வேண்டும். சிற்றூர்களுக்கு இதை வற்புறுத்தத் தேவையில்லை.