அண்ணன் போட்ட கையெழுத்து

கேள்வி: என் அண்ணனுக்கு 36 வயது. வீட்டில் சண்டை முற்றி, அண்ணியும் அவர் வீட்டாரும் 12 நாட்களுக்கு முன் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். எதற்கு, எத்தனை நாளைக்கு என்று அவருக்கே சொல்லவில்லை. நான் கேட்டால் "சேர்த்தவங்ககிட்டதான் பேசுவோம்" என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, ஈரோடு)

பதில்: சேர்த்தவர்களிடம் பேசட்டும் அம்மா, ஆனால் உங்கள் அண்ணனிடமும் சொல்லியாக வேண்டும். சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் சேர்த்தார்கள், ஏன், என்ன நோய், என்ன சிகிச்சை, சேர்க்கையை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்திடம் போகலாம் என்பது எல்லாவற்றையும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லச் சொல்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 22-ஆம் பிரிவு. சேரும்போது கேட்கும் நிலையில் இல்லாவிட்டால், அந்த நிலைக்கு வந்ததும் சொல்ல வேண்டும்.

அந்தக் கையெழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தானே விரும்பிச் சேர்ந்ததாக 86-ஆம் பிரிவில் வாங்கியிருந்தால், "வீட்டுக்குப் போகிறேன்" என்று அவர் சொன்னதும் விட்டுவிட வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்துவார் என்பதுபோன்ற காரணம் இருந்தால் 24 மணி நேரம் நிறுத்திப் பரிசோதிக்கலாம். அதற்குள் 89-ஆம் பிரிவுக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் அனுப்ப வேண்டும். விரும்பி வந்தார் என்று காகிதத்தில் எழுதிவிட்டு வார்டைப் பூட்டிவைக்க முடியாது.

89 என்றால் விஷயம் வேறு. அவர் சம்மதம் இல்லாமலும் சேர்க்கலாம். ஆனால் அவருடைய பிரதிநிதி (சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்கச் சட்டம் ஏற்கும் நபர்) விண்ணப்பித்திருக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அதிகபட்சம் 30 நாள். 7 நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும் (பெண்ணென்றால் 3 நாள்). 12 நாளாகிவிட்டதே, தெரிவித்தார்களா?

இதையெல்லாம் நீங்கள் கேட்டால் "நீங்கள் யார்?" என்பார்கள். பிரதிநிதியின் இடத்தில் இப்போது அண்ணி இருக்கக்கூடும். அண்ணன் நினைத்தால் உங்களை நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். நீங்களும் சம்மதம் எழுதித் தர வேண்டும். பார்க்க விடவில்லையென்றால், நியாயமான நேரத்தில் பார்வையாளரைச் சந்திப்பதும் போனில் பேசுவதும் அவர் உரிமை (26-ஆம் பிரிவு) என்று எழுதிக் கொடுங்கள்.

அவருக்கு நிஜமாகவே சிகிச்சை தேவைப்படலாம். அதை அண்ணியோடு சண்டை போட்டுத் தீர்க்க முடியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். இலவச வக்கீல் உண்டு என்று அண்ணனிடம் சொல்வதே மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமை (27-ஆம் பிரிவு). அந்த வக்கீல் மூலம் அவர் பெயரிலேயே வாரியத்தில் மனுக் கொடுங்கள். கட்டணம் கிடையாது.