ஆதித்ய ஹ்ருதயம்: எப்படிச் சொல்வது என்பதை அதுவே சொல்கிறது

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மகள் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். ஆதித்ய ஹ்ருதயம் சொன்னால் நல்லது என்றார்கள். காலையில் போனில் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து சொல்கிறேன், பாதி வாய்க்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. எத்தனை மணிக்கு, எத்தனை தடவை சொல்ல வேண்டும்? பிழையாகச் சொன்னால் கெடுதல் வருமா? பெண்கள் சொல்லலாமா? இன்னொன்று, இராவணனைக் கொல்வதற்காக இராமருக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கோணேசர் காலடியில் இருந்துகொண்டு சொல்வது சரியா என்று மாமி கேட்கிறா."

பெண்கள் தாராளமாகச் சொல்லலாம். இது வேதப் பகுதி இல்லை. வால்மீகி இராமாயணத்தின் யுத்த காண்டத்தில் வருகிற சூரிய தோத்திரம். இதிகாசத்தில் உள்ளதைச் சொல்ல ஆண் பெண் வேறுபாடும் இல்லை, தீட்சையும் தேவையில்லை. நல்ல உச்சரிப்புள்ள ஒருவரிடம் ஒருமுறை நேரே கேட்டுப் பழகினால் போதும்.

எத்தனை தடவை, எப்படி என்ற கேள்விக்குப் பலர் பலவிதமாகப் பதில் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது பாட்டுக்குள்ளேயே என்ன இருக்கிறது என்பதை. போர்க்களத்தில் களைத்து, யோசனையோடு நிற்கும் இராமரிடம் அகத்தியர் வருகிறார். தோத்திரத்தைச் சொல்லி முடித்ததும் 'ஏகாக்ர:' என்கிறார், அதாவது மனத்தை ஒன்றிலே நிறுத்தி வழிபடு என்று. அடுத்து 'ஏதத் த்ரிகுணிதம் ஜப்த்வா', இதை மூன்று முறை சொல் என்கிறார். இராமர் என்ன செய்தார் என்பதும் அங்கேயே வருகிறது. 'ஆதித்யம் ப்ரேக்ஷ்ய', சூரியனைப் பார்த்தார். 'த்ரிராசம்ய சுசிர்பூத்வா', மூன்று முறை ஆசமனம் செய்து, அதாவது உள்ளங்கையில் நீர் எடுத்து உட்கொண்டு, தூய்மையானார். முழு விதியும் இவ்வளவுதான். 21 நாள், 48 நாள், ஞாயிறு விரதம், இன்ன எண்ணெயில் விளக்கு என்பதெல்லாம் பிறகு சேர்ந்த வழக்கங்கள். செய்தால் நல்லது, விட்டுப்போனால் குறையில்லை.

ஆகவே குளித்து, கிழக்கு நோக்கி நின்றோ இருந்தோ, உள்ளங்கையில் சிறிது நீர் விட்டு மூன்று முறை உட்கொண்டு தொடங்குங்கள். நிறுத்தி நிதானமாகச் சொன்னால் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் வரை ஆகும், மூன்று தடவைக்கு அரை மணித்தியாலம். அவ்வளவு நேரம் கிடைக்காவிட்டால் ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லுங்கள். மூன்று தடவை ஓட்டமாகச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

நேரம் என்றால் உதயம்தான். திருகோணமலையில் அது வருடம் முழுவதும் காலை ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையிலேதான் விழும். வைகாசியில் முந்தி வரும், தை மாசியில் பிந்தும். கிழக்குக் கரையில் இருப்பது உங்களுக்கு ஒரு பாக்கியம். உப்புவெளியிலோ டச் பேயிலோ நின்றால் சூரியன் நேரே கடலில் இருந்து எழும்பும். திருமுருகாற்றுப்படை 'பலர்புகழ் ஞாயிறு கடற்கண் டாஅங்கு' என்று தொடக்கத்திலேயே காட்டும் காட்சியை எங்கள் ஊரார் நாள்தோறும் காண்கிறார்கள். ஆனால் கடற்கரைக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. வீட்டு முற்றம் போதும். கார்த்திகை மார்கழி மழையில் பல நாள் சூரியனே தெரியாது. அப்போதும் கிழக்கு நோக்கிச் சொல்லுங்கள், மேகத்துக்குப் பின்னால் அவர் உதித்துத்தான் இருக்கிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'ப்ரேக்ஷ்ய' என்று இருக்கிறதே என்று சூரியனை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். விழித்திரை வெந்தால் அந்த நேரத்தில் வலிக்காது, பிறகுதான் பார்வையில் கறுப்புப் புள்ளி தெரியும். உதயத்தின்போது ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் பார்வையைத் தாழ்த்தி அல்லது கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள். தண்ணீரில் பளபளக்கும் பிம்பத்தையும் உற்றுப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அர்க்கியம், அதாவது சூரியனுக்கு நீர் வார்த்தல், கொடுக்க விரும்பினால் செப்புச் செம்பில் நீர் எடுத்து, கால் படாத இடத்தில், ஒரு செடியின் அடியில் விடலாம். பூ என்றால் செவ்வரத்தை போதும்.

இனி உச்சரிப்பு. உங்கள் கடிதத்தில் உண்மையான சிக்கல் இதுதான்.

பிழை வந்தால் கெடுதல் என்று பயமுறுத்துகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது துவஷ்டாவின் கதை. இந்திரனைக் கொல்ல மகன் வேண்டி வேள்வி செய்தவர் 'இந்த்ரசத்ரு' என்ற சொல்லில் ஸ்வரத்தைப் பிழைத்தார், பொருள் மாறியது, பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே மாண்டான். இது வேத மந்திரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பற்றியது. ஆதித்ய ஹ்ருதயத்துக்கு அந்த வேத ஸ்வரமே கிடையாது. எனவே அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். பயத்தை விடலாம், கவனத்தை விடக்கூடாது. 'க்ருதக்னக்னாய' என்று ஒரு நாமம் வருகிறது. நன்றி கெட்டவர்களை அழிப்பவர் என்று பொருள். வேகத்தில் ஒரு 'க்ன'வை விழுங்கிவிட்டால் சூரியனையே நன்றி கெட்டவர் என்று சொன்னதாகிவிடும். கடவுள் கோபிக்கமாட்டார், ஆனால் நாங்கள் சொல்ல வந்தது அதுவல்லவே.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகம் வாங்கும்போது எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று சிறிய எண்கள் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். க, ச, ட, த, ப என்ற ஐந்துக்கும் வடமொழியில் நான்கு நான்கு ஒலிகள் உண்டு. எண் இல்லாத 'க' கல் என்பதில் வருவது, 3 போட்டது தங்கம் என்பதில் வருவது. 2, 4 இரண்டும் அவற்றோடு மூச்சுச் சேர்ந்தவை. 'ஆதித்ய' என்பதில் முதல் 'தி' பந்தி என்பதில் வரும் 'தி'. 'பாஸ்கரம்' என்பதில் முதல் எழுத்து மூச்சோடு கூடிய நாலாவது 'ப'. எண் இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு பாடுபட்டாலும் இது பிடிபடாது. அடுத்தது குறில் நெடில். தமிழர்களுக்கு இது இயல்பாகவே வரும், பாட்டு மெட்டுத்தான் கெடுக்கும். ஒலிப்பதிவுகளில் இராகத்துக்காகக் குறிலை இழுத்துவிடுகிறார்கள். அதைக் கேட்டு ரசியுங்கள், பாடமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூச்சு எங்கே விடுவது என்பதுதான் உங்கள் வாய் சிக்குவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கடைசிச் சுலோகம் ஒன்றைத் தவிர மற்றவை அனுஷ்டுப் சந்தம். பாதத்துக்கு எட்டு அசை, நான்கு பாதம். இரண்டு பாதத்தை ஒரு மூச்சில் சொல்லி நிறுத்துங்கள்: 'ரச்மிமந்தம் ஸமுத்யந்தம் தேவாஸுர நமஸ்க்ருதம்'. பிறகு மூச்சு எடுத்து 'பூஜயஸ்வ விவஸ்வந்தம் பாஸ்கரம் புவனேச்வரம்'. நீளமான கூட்டுச் சொற்களைப் படிக்கும்போது மட்டும் பிரித்து வாசியுங்கள். 'சத்ருக்னாயாமிதாத்மனே' என்பது சத்ருக்னாய, அமிதாத்மனே என்ற இரண்டு. பிரித்துப் படித்தபின் சேர்த்துச் சொன்னால் நாக்கு தானாக வழிக்கு வரும்.

போனோடு சேர்ந்து சொல்வதை நிறுத்துங்கள். ஒரு வரி கேட்டு, நிறுத்தி, தனியாகச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சுலோகம் என்று எடுத்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முழுதும் கைக்கு வந்துவிடும். பாணினீய சிக்ஷை என்ற நூல் பாராயணத்தில் தாழ்ந்த ஆறு பேரைச் சொல்கிறது: பாட்டாக இழுப்பவர், அவசரப்படுபவர், தலையை ஆட்டுபவர், எழுதி வைத்துப் படிப்பவர், பொருள் தெரியாமல் சொல்பவர், குரல் எழும்பாதவர். புத்தகம் பார்ப்பதையும் அதில் குறையாகச் சேர்த்திருப்பது வேதம் ஓதுவோருக்காக. நீங்கள் புத்தகம் பார்த்தே சொல்லலாம். அவசரத்தையும் பொருள் தெரியாமையையும் மட்டும் விடுங்கள்.

புத்தகத்தில் இன்னும் இரண்டு விஷயம். பவிஷ்யோத்தர புராணத்திலும் இதே பெயரில் ஒன்று உண்டு, மிக நீண்டது. உங்களுக்கு வேண்டியது 'ததோ யுத்த பரிச்ராந்தம்' என்று தொடங்குவது, முப்பது சுலோகம் அளவில் இருக்கும். முன்னால் அச்சிட்டிருக்கும் ரிஷி பெயர், சந்தஸ் (சந்தம்), நியாசம் (உடலைத் தொட்டுச் செய்யும் கிரியை) எல்லாம் வால்மீகியில் இல்லாதவை. தெரியாவிட்டால் விட்டுவிடலாம்.

அப்புறம் மாமியின் கேள்வி. அது லேசான கேள்வி இல்லை. இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவைப் பார்த்தபடி கோணேசரைக் கும்பிடுகிற ஊர் இது. கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் அவன் தாய்க்குச் செய்த கிரியைக்கும் தொடர்பு சொல்கிறோம். எங்களுக்கு அவன் சிவபக்தன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இராவணன் பெயர் இந்தப் பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும், கதை சொல்லும் இடங்களில்தான் வருகிறது. 'ரச்மிமந்தம்' முதல் 'ஸர்வ ஏஷ ரவி: ப்ரபு:' வரையுள்ள துதியில் அவன் பெயரே இல்லை. அங்கே இருப்பது 'ஏஷ ப்ரஹ்மா ச விஷ்ணுச்ச சிவ: ஸ்கந்த:' என்று சூரியனைச் சிவனாகவும் முருகனாகவும் காண்கிற வரி. அப்பர் சுவாமிகளும் 'அருக்கன் ஆவான் அரனுரு அல்லனோ' என்றுதான் கேட்டார். சம்பந்தர் கோணமலைப் பதிகத்தின் எட்டாம் பாடலில், மலையை எடுத்தவன் செருக்கை விரலால் அடக்கிய இறைவன் அவன் ஏத்தியதும் பேறு கொடுத்தார் என்று பாடுகிறார். இராவணன் தோற்றதையும் அருள் பெற்றதையும் சேர்த்தே பாடுவது எங்கள் மரபு. ஆகவே தோத்திரத்தை முழுதாகச் சொல்வதில் கோணேசருக்குக் குறை எதுவும் இல்லை. மாமிக்கு மனம் ஒப்பாவிட்டால் அவ முன்னால் துதிப் பகுதியை மட்டும் சொல்லுங்கள், அதுவும் நிறைவானதே.

மகளைப் பற்றி ஒரு சொல். பரீட்சை நேரத்தில் பிள்ளையை நித்திரையில் இருந்து எழுப்பி முழுவதையும் சொல்ல வைக்க வேண்டாம். பயனைச் சொல்லும் இடத்தில் 'சிந்தாசோக ப்ரசமனம்', கவலையையும் துயரத்தையும் தணிப்பது என்று இருக்கிறது. கவலை உங்களுக்கும் இருக்கிறதுதானே? நீங்கள் சொல்லுங்கள். அவள் விரும்பினால் 'நம: பூர்வாய கிரயே' என்பதில் தொடங்கி 'ஜ்யோதிஷாம் பதயே நம:' வரை உள்ள ஐந்து சுலோகங்களை மட்டும் பழக்குங்கள். எல்லாம் நம: நம: என்று வருவதால் வாயில் எளிதில் நிற்கும், இரண்டு நிமிடம்கூட ஆகாது, ரியூசனுக்குக் கிளம்பும்போதே சொல்லிவிடலாம்.