480 என்ற எண் ஆறு கியரைக் குறிக்குமா?

கேள்வி: பெங்களூருவில் பதிவான, 2007ஆம் ஆண்டு மாடல் போர்ஷே பாக்ஸ்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2.7 லிட்டர் எஞ்சின். கூடுதல் சக்தி கொண்ட 'எஸ்' வகை அல்ல. தொழிற்சாலையிலிருந்தே ஆறு கியர் மேனுவலாக வந்த வண்டி என்று சொல்லி, உரிமையாளர் விலையைக் கூட்டிக் கேட்கிறார். சான்றாக ஒரு ஸ்டிக்கரின் படத்தை அனுப்பியிருக்கிறார். அதில் 475, 480, 601 என மூன்றிலக்க எண்கள் வரிசையாக இருக்கின்றன. இவற்றை எப்படிப் படிப்பது? இதை நம்பிப் பணம் கொடுக்கலாமா? (குன்னூர் வாசகர்)

பதில்: அவர் சொல்வது உண்மையாக இருக்க இடமுண்டு. ஆனால் 480 என்ற எண்ணை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய இயலாது. அந்த எண் எந்த ஆண்டு வண்டியில், எந்த வகை வண்டியில் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும்.

போர்ஷே நிறுவனம் கூடுதல் வசதி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. உங்கள் படத்தில் உள்ள 475 என்பது மின்னணு முறையில் இறுக்கம் மாறும் சஸ்பென்ஷன். 601 என்பது செனான் முகப்பு விளக்கு. 480 என்பது ஆறு கியர் மேனுவல். 249 என்று இருந்திருந்தால் அது டிப்ட்ரானிக் என்ற ஆட்டோமேட்டிக். பிற்கால வண்டிகளில் 250 என்பது இரட்டை கிளட்ச் கொண்ட பி.டி.கே. இந்தப் பட்டியல் பெரும்பாலும் அடிப்படை வண்டியிலிருந்து மாறுபட்டவற்றைக் காட்டுவதற்காக எழுதப்படுவது. ஆகவே ஓர் எண் இல்லாததை வைத்து அந்த வசதியே வண்டியில் இல்லை என்று முடிவு கட்டுவது தவறாகலாம்.

இங்கேதான் மாடல் ஆண்டு முக்கியமாகிறது. 2005 முதல் 2008 வரையிலான மாடல்களில் 2.7 லிட்டர் பாக்ஸ்டருக்கு அடிப்படையாக வந்தது ஐந்து கியர் மேனுவல். ஆறு கியர் வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டித்தான் பெற வேண்டும். எஸ் வகைக்கோ தொடக்கத்திலிருந்தே ஆறு கியர்தான். 2009ஆம் மாடலில் எஞ்சின் 2.9 லிட்டராக மாறியபோது, அடிப்படை வண்டிக்கும் ஆறு கியர் மேனுவல் பொதுவாகிவிட்டது. அதனால் 480 என்ற எண்ணுக்குத் தனி மதிப்பு இருப்பது உங்களுக்கு வந்திருப்பது போன்ற வண்டியில்தான். 2010ஆம் மாடலில் அதே எண்ணைக் காட்டி ஒருவர் விலை கூட்டினால், அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

மாடல் ஆண்டை உரிமையாளர் வாய்ச்சொல்லாகச் சொல்வதிலிருந்து எடுக்காதீர்கள். 17 இலக்கச் சேஸிஸ் நம்பரில் பத்தாவது இடத்தைப் பாருங்கள்: 7 என்றால் 2007, 9 என்றால் 2009, ஆங்கில எழுத்து 'ஏ' என்றால் 2010. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பதிவு ஆண்டு இதிலிருந்து ஓராண்டு முன்பின் இருக்கலாம். பதினோராவது இடத்தில் 'யு' என்ற எழுத்து இருந்தால் வண்டி பின்லாந்தின் ஊசிகௌபுங்கி நகரில் தயாரானது என்று பொருள். பாக்ஸ்டர்களில் கணிசமானவை அங்கேதான் கட்டப்பட்டன என்பதால், ஜெர்மனி வண்டி இல்லையே என்று யாரும் கலங்கத் தேவையில்லை.

இந்த வண்டியில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால், முன்பக்கப் பானெட்டைத் திறந்தால் சாமான் வைக்கும் இடம்தான் தெரியும். அந்த மூடியின் உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கரும், பராமரிப்புப் புத்தகத்தில் அதே போன்ற இன்னொன்றும் இருக்க வேண்டும். இரண்டையும் நேரில் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள சேஸிஸ் நம்பர், முன்கண்ணாடியின் கீழ் மூலையில் தெரியும் நம்பர், ஆர்.சி.யில் உள்ள நம்பர் ஆகிய மூன்றும் ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ் குறியீடுகள் உள்ள வரியையும் படியுங்கள். அந்தக் காலத்துப் பாக்ஸ்டர்களில் கியர்பாக்ஸ் குறியீடு 'ஜி' என்று தொடங்கினால் மேனுவல், 'ஏ' என்று தொடங்கினால் டிப்ட்ரானிக். மேனுவல் என்று விற்கப்படும் வண்டியின் ஸ்டிக்கரில் 'ஏ' இருந்தால், பிற்பாடு யாரோ கியர்பாக்ஸை மாற்றியிருக்கிறார்கள், அல்லது ஸ்டிக்கர் வேறு வண்டியுடையது.

ஸ்டிக்கர் சொல்வதெல்லாம் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளின் நிலைமைதான். அதற்குப் பின் எத்தனை கைகள் மாறினவோ தெரியாது. நகல் ஸ்டிக்கர் அச்சிட்டுத் தருபவர்களும் உண்டு. எனவே வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, கியர்பாக்ஸ் உடலில் பொறித்திருக்கும் குறியீட்டையும் எண்ணையும் படம் எடுத்து, ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். இதற்கு ஆகும் செலவை வீண் என்று நினைக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. வண்டியைக் குன்னூருக்கு வரவழைத்து மலைப்பாதையில் மட்டும் ஓட்டிப் பார்த்தால், பர்லியாறு வரை இறங்கி ஏறினாலும் இரண்டாவது, மூன்றாவது கியர்களிலேயே பொழுது போய்விடும். ஆறாவது கியர் இருக்கிறதா, சரியாக விழுகிறதா என்பது தெரியவே தெரியாது. அதை மேட்டுப்பாளையம் தாண்டிச் சமவெளியில் பாருங்கள். ஆனால் கிளட்சைச் சோதிக்க நம் மலையைவிட நல்ல இடம் இல்லை. ஏற்றத்தில் நான்காவது கியரில், குறைந்த சுழற்சியில், ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். வேகம் கூடாமல் எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. விடியற்காலைக் குளிரில், வண்டியை யாரும் முன்கூட்டிச் சூடாக்காத நிலையில், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது 'கர்' என்ற உராய்வு கேட்டால், கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும்; ஸ்டிக்கரில் எத்தனை எண்கள் இருந்தாலும் விலையைக் குறைத்துப் பேச அது போதுமான காரணம்.

என் கருத்தைக் கேட்டால், நீலகிரிச் சாலைகளில் ஐந்து கியர் வண்டி எந்த வகையிலும் குறைந்ததல்ல. கொண்டை ஊசி வளைவுகளில் வேலை செய்வது இரண்டாவது கியர்தான். தேய்மானம் இல்லாத ஐந்து கியர் வண்டியை, அடிபட்ட ஆறு கியர் வண்டிக்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் பார்த்த வண்டியில் பராமரிப்புப் புத்தகம் இல்லை, பானெட்டுக்குள் இருந்த ஸ்டிக்கரும் ஈரத்தில் ஊறிக் கிழிந்துவிட்டது. என்ன செய்யலாம்? (கோத்தகிரி வாசகர்)

பதில்: மூடுபனியும் மழையும் உள்ள ஊர்களில் வெளியே நிறுத்திய வண்டிகளுக்கு இது நேர்வதுண்டு, அதை மட்டும் வைத்து விற்பவரைச் சந்தேகிக்க வேண்டாம். கொச்சியிலோ பெங்களூருவிலோ உள்ள அங்கீகரிக்கப்பட்ட போர்ஷே மையத்தில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால், தொழிற்சாலைப் பதிவிலிருந்து அந்த வண்டியின் வசதிப் பட்டியலைப் பார்க்க முடியும். வாங்க வருபவர் கேட்பதைவிட, உரிமையாளரே ஆர்.சி. நகலுடன் கேட்பது முறை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவரைக் கேட்கச் சொல்லுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும், கியர்பாக்ஸ் வகையையும் அதன் எண்ணையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.