வாசகர் கேள்வி – பதில்: மரங்கொத்திகளின் கூட்டுக் குடும்பம்

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் பொன்முதுகு மரங்கொத்திகளை எப்போதும் இணையாகவே பார்க்கிறேன். கூட்டுக் குடும்பமாக வாழும் மரங்கொத்திகளும் உண்டு என்கிறார்களே, உண்மையா? பறவைகளின் உறவுமுறையை எப்படிக் கண்டறிகிறார்கள்?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: உண்மைதான். பெரும்பாலான மரங்கொத்திகள் உங்கள் தோப்பில் உள்ளவற்றைப் போல இணையாகவோ தனித்தோ வாழ்பவை. கூட்டுக் குடும்பத்துக்குப் பெயர்பெற்றது, அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் மெக்சிகோவிலும் காணப்படும் ஏகார்ன் மரங்கொத்தி. ஓக் மரத்தின் கொட்டைதான் ஏகார்ன். ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கான துளைகளிட்டு, துளைக்கு ஒரு கொட்டையாக இறுக்கிச் சேமிக்கும் இப்பறவை, கொட்டை காய்ந்து சுருங்கித் தளர்ந்துவிட்டால், அதை எடுத்துச் சிறிய துளையொன்றில் மாற்றிச் செருகுகிறது. இக்களஞ்சியத்தைக் காக்க ஒரு குடும்பமே தேவைப்படுகிறது.

கலிபோர்னியாவின் ஹேஸ்டிங்ஸ் காப்பகத்தில் 1968 முதல் இப்பறவைகளைக் கவனித்து வருகிறார்கள். ஒவ்வொரு பறவையின் காலிலும் வெவ்வேறு வரிசையில் வண்ண வளையங்களை மாட்டிவிடுவதால், தொலைவிலிருந்தே இன்ன பறவை இன்ன கூட்டுக்கு இரை கொண்டுவருகிறது என்று குறித்துக்கொள்ள முடிகிறது. பெற்றோர் யார் என்பதை மரபணுச் சோதனை உறுதிசெய்கிறது. சகோதரர்கள் சேர்ந்து இனப்பெருக்கம் செய்வதும், சகோதரிகள் ஒரே பொந்தில் முட்டையிடுவதும், முந்தைய ஆண்டுகளில் பிறந்தவை தம்பி தங்கைகளுக்கு இரையூட்டுவதும் இப்படித்தான் தெரியவந்தன.

இந்த ஒற்றுமைக்குள்ளும் கடும் போட்டி உண்டு. தான் முட்டையிடத் தொடங்கும் முன் சகோதரி இட்ட முட்டையைப் பெண் பறவை வெளியே தூக்கிச் சென்றுவிடும். அதைக் குடும்பத்தார் கூடித் தின்பார்கள், சில வேளைகளில் முட்டையிட்ட தாயும் சேர்ந்துகொள்வாள். தானும் முட்டையிட்ட பிறகு எது தன்னுடையது என்று அறிய வழியில்லாததால் அழிப்பதை நிறுத்திவிடும். எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி இதுதான்.

உங்கள் தோப்பிலும் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. உச்சந்தலை முழுவதும் சிவப்பாக இருந்தால் ஆண். முன்னுச்சி கறுப்பாக, வெண்புள்ளிகளுடன் இருந்தால் பெண். பொந்தை நெருங்காமல், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடாமல், தள்ளி அமர்ந்து, எது எத்தனை மணிக்கு வந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். மரங்கொத்திகளில் இரவில் அடைகாப்பது பெரும்பாலும் ஆண்தான் என்பதால், பொழுது சாயும் நேரத்தில் பொந்துக்குள் நுழையும் தலையின் நிறத்தை மட்டும் தவறாமல் பாருங்கள்.